யாரும் கேட்டிராத மெட்டு

பேருந்து நிலையத்தில் சுடர்விழி இறங்கியதும் முதல் வேலையாக அவளுடைய பையைப் பிடுங்கிக்கொண்டு டீக்கடைக்கு எதிர்த்திசையில் நடந்தேன். இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலை மூன்றரை மணி நேரம் ஜன்னலோரத்தில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முதலில் ஒரு டீ வேண்டும் என்றுதான் சொன்னாள். அந்தக் கடையில் இப்போதெல்லாம் டீ சரியில்லை என்றேன். டீயில் ஒரு குறையும் இல்லை. அந்த மாஸ்டருக்கு டீயை ஆற்றும்போது பாடுகிற பழக்கம் உண்டு, அதுதான் சிக்கல். தேர்தல் முடிந்து ஒன்றரை மாதமாகியும் அவர் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். அது அவள் காதில் விழக்கூடாது. புதன்கிழமை நாங்கள் கடற்கரையில் பாடப்போகும் ஐந்து பாட்டில் ஒன்றை எப்படியாவது நீக்கிவிட வேண்டும், நீக்கிவிட்டு மெதுவாக விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் என் திட்டம். என் திட்டங்கள் எல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

எங்கள் குழுவுக்கு ‘உப்புக்காத்து’ என்று பெயர். 2002-இல் நாலு பேராக ஆரம்பித்தோம். சுடர்விழி பாட்டெழுதிப் பாடுவாள். ராஜவேல் கிட்டார். வெற்றிச்செல்வன் டிரம்ஸ். நான், இளம்பரிதி, கீபோர்டு. பெயர் வைத்தது ராஜவேல். இந்த ஊர்க் காற்றில் கிட்டார் கம்பி ஒரு மாதம் தாங்காது, துருப்பிடித்து விரலில் சிவப்பாக ஒட்டும். அந்தக் கடுப்பில் வைத்த பெயர். புதுச்சேரியின் சாரம் பகுதியில் வெற்றியின் மாமா நடத்திய டுடோரியல் மாடியில், ஞாயிறு மத்தியானம் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசிப்போம். கரும்பலகையில் யாரோ போட்டுப் பாதியில் விட்ட கணக்கு எப்போதும் இருக்கும். ஐந்து மணிக்குக் காலி செய்துவிட வேண்டும். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்று ஒரு சபதம் வேறு. நாங்களே எழுதி, நாங்களே மெட்டுப்போட்டு, 2004-இல் ஆறு பாட்டை சிடியாகக்கூட அடித்தோம். கல்லூரி விழாக்களில் பாடினோம், ஓட்டல் மொட்டைமாடியில் பாடினோம். ஒவ்வொரு இடத்திலும் பாடி முடித்து இறங்கும்போது யாராவது ஒருத்தர் வந்து, நல்லா இருந்துச்சு தம்பி, எந்தப் படத்துல வருது என்று கேட்பார். படத்தில் வரவில்லை என்றால் அவர் முகம் ஏமாந்துபோகும். ஏதோ போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்ட மாதிரி பார்ப்பார். நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை மட்டும் எத்தனை முறை கேட்டிருப்போம் என்று தெரியாது. வெற்றி சிரித்துக்கொள்வான். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

ஆளுக்கொரு தனிவேலை வந்து சேர்ந்தது அப்புறம்தான். வெற்றி ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் எலக்ட்ரானிக் தாளப் பேட் வாசிக்கப் போனான். சபதத்தை அவன் மட்டும் முகூர்த்த நாட்களில் தளர்த்திக்கொண்டான். ராஜவேல் ஆரோவில் பக்கம் போய், புல்லாங்குழல் ஊதும் ஒரு ஜெர்மன்காரரோடு சேர்ந்தான். பாயில் கண்மூடிப் படுத்திருப்பவர்களுக்காக நாற்பது நிமிஷம் கிட்டாரில் ஒரே கார்டை வாசிப்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பிறகு அவன் பேச்சே மாறிவிட்டது. எதைச் சொன்னாலும் எல்லாம் ஒரே நாதம் என்பான். சுடர்விழி சென்னையில் டிராக் பாடப் போனாள். பெரிய பாடகிகள் வந்து பாடுவதற்கு முன்னால், மாதிரிக்காக ஒருத்தி பாடிவைக்க வேண்டும். பெரியவர் வந்து பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். நான் முதலியார்பேட்டையில் அரிகிருஷ்ணன் அண்ணனின் ரெக்கார்டிங் அறையில் உட்கார்ந்தேன். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. கேபிள் டிவிக்காக நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், மஞ்சள் நீராட்டு வீடியோவுக்குப் பின்னணி. தனிவேலை தனிவேலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2006 பிறந்தபோது எது வேலை, எது தனிவேலை என்று எங்களுக்கே தெரியவில்லை.

அந்த ஜனவரியில்தான் மணல் பாட்டு வந்தது. சுடர்விழி கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முனகிய மெட்டு. மாடிக்கு வந்து எனக்குப் பாடிக் காட்டினாள். நான் கார்டு கண்டுபிடித்தேன், இரண்டு ஸ்வரத்தை மாற்றினேன். மாற்றியது நன்றாக இருந்தது என்று அவளே சொன்னாள். எங்கள் ஊர்க் கடற்கரையில் மணல் இல்லை, கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் வந்து அலை முட்டும். வெளியூர்க்காரர்கள் பீச் எங்கே என்று பீச்சில் நின்றுகொண்டே கேட்பார்கள். அதைத்தான் எழுதியிருந்தாள்:

மணலே இல்லாக் கடற்கரையில்
மடியில் செருப்ப வெச்சிருக்கேன்
கல்லு மேல கல்லு மேல
காலு பதிய இடமில்ல

எங்கள் பாட்டுகளில் இதுதான் நிஜமான பாட்டு என்று நாலு பேருக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் மேடை ஏறவே இல்லை. மார்ச்சில் ராஜவேல் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். ஏப்ரலில் சுடர்விழி சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிவிட்டாள். மூன்று ஞாயிறு நானும் வெற்றியும் மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலாவது ஞாயிறு நானும் போகவில்லை. குழு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இதை என் பக்க நியாயமாகச் சொல்கிறேன், எடுபடுமா தெரியவில்லை.

தேர்தல் பாட்டு எப்படித் தயாராகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் சினிமாப் பாட்டிலிருந்து வார்த்தையை உருவிவிட்டு, அந்த இடத்தில் வேட்பாளர் பெயரையும் சின்னத்தையும் செருக வேண்டும். அந்த ஏப்ரலில் எங்கள் அறையில் மட்டும் பதினோரு வேட்பாளர்களுக்குச் செய்தோம். கடைசியாக வந்தவர் தெய்வசிகாமணி என்ற சுயேச்சை. அவர்கூட வரவில்லை, மைத்துனர் வடிவேல்தான் வந்தார். சின்னம் இஸ்திரிப்பெட்டி. நாங்கள் எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாலும் வடிவேல் கையை ஆட்டினார். எல்லா மெட்டையும் எவனாவது எடுத்துவிட்டிருந்தான். பிரசார ஆட்டோ தெருவில் போனால் ஜனங்கள் வாயில் மற்றக் கட்சிக்காரன் பெயர்தான் வரும், நம் ஆட்டோவே அவனுக்கு ஓட்டு கேட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவருடைய பயம். பயத்தில் நியாயம் இருந்தது.

“தம்பி, இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டே இருக்கக் கூடாது. அப்புடி ஒரு மெட்டு இருந்தா குடு. நாளைக்குக் காலையில ஆட்டோ கெளம்பணும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுச்சேரியிலேயே ஒருத்தரும் கேட்டிராத மெட்டு யாரிடமாவது இருக்குமென்றால் அது என்னிடம்தான் இருந்தது. ஒன்றல்ல, சிடியில் மட்டும் ஆறு. அதில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம். ஆனால் கீபோர்டில் கை வைத்ததும் விரல் தானாக மணல் பாட்டுக்குத்தான் போனது. வேகத்தைக் கூட்டி, டோலக் தாளத்தை அடியில் ஓட்டினேன். வடிவேலின் கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அடுத்த கால் மணி நேரத்தில் வார்த்தையும் நானே எழுதினேன்:

மடிப்பே இல்லா மனசுக்காரர்
மக்கள் வீட்டுப் பிள்ளைங்க
அண்ணன் தெய்வ சிகாமணிக்கு
இஸ்திரிப் பெட்டி அமுத்துங்க

சரணத்துக்கு நேரமில்லை. அந்த இடத்தில் சாலை போடுவோம், சாக்கடை எடுப்போம் என்று வடிவேலே பேசிவிட்டார். ஒரு கச்சேரிப் பையன் வந்து பாடினான். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சிடி கையில்.

அது இப்படிப் பற்றிக்கொள்ளும் என்று யார் கண்டது? மூன்றாவது நாள் எங்கள் தெருப் பிள்ளைகள் பாடினார்கள். ஒரு வாரத்தில் மற்றக் கட்சிக்கு வேலை பார்க்கிறவனே கொடியைத் தோளில் வைத்துக்கொண்டு இஸ்திரிப்பெட்டியை முணுமுணுத்தான். ஒரு காலை பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் போனேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த அம்மா, கத்தி இறங்குவதற்கு ஏற்ற மாதிரி அதைப் பாடிக்கொண்டிருந்தார். நான் மாற்றிய அந்த இரண்டு ஸ்வரம் இருக்கிறதே, அதைக்கூடச் சுத்தமாகப் பாடினார். நான் அங்கேயே நின்றேன். வேண்டாத மீனை அரைக்கிலோ வாங்கினேன், இன்னொரு முறை பாடட்டும் என்று. நாலு வருஷத்தில் முதல் முறையாக எந்தப் படம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதைவிடச் சந்தோஷமான காலை எனக்கு வாய்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

தெய்வசிகாமணிக்கு நானூற்றுச் சொச்சம் ஓட்டு விழுந்தது. ஓட்டு போய்விட்டது, பாட்டு ஊரிலேயே தங்கிவிட்டது. கல்யாண மேடையில் நேயர் விருப்பமாகவே கேட்டார்களாம். வெற்றி அதைப் பேடில் வாசித்துவிட்டு எனக்குப் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், “சுடருக்கு நீயே சொல்லிடு மச்சான். வேற யார் வழியாவோ தெரிஞ்சா நல்லா இருக்காது” என்றான். ராஜவேலிடம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் ஒரே நாதம் என்றான். நான் சென்னைக்குப் பல முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் சாப்பிட்டியா, வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவள் அம்மா செல்வாம்பாள் சாரத்தில்தான் இருந்தார், பாட்டை நூறு முறை கேட்டிருப்பார். ஆனால் மகள் பாடுகிறாள் என்பது அவருக்குத் தெரியுமே தவிர, என்ன பாடுகிறாள் என்று தெரியாது. அந்த ஒன்றுதான் என்னை அதுவரை காப்பாற்றியது. ஜூன் மாத இசை நாளுக்கு எங்கள் குழுவின் பெயரை வெற்றி கொடுத்திருந்தான், அதற்காகத்தான் அவள் வந்தாள்.

ஆட்டோவில் சாரத்துக்குப் போகும்போது சுடர்விழி நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள். இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு இசையமைப்பாளர் தன் கோரஸ் குழுவில் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டால் வெளியில் எங்கேயும் பாடக் கூடாது, எங்கள் குழுவிலும் கூடாது. வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். பிறகு ரேடியோவில் இப்போது அடிக்கடி வருகிற ஒரு பாட்டைப் பற்றிச் சொன்னாள். அதற்கு டிராக் பாடியது அவள்.

“சரணத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கற சத்தம் வரும், கேட்டுப் பாரு. அது என்னுது. கொரல பூரா அழிச்சிட்டாங்க, மூச்ச மறந்துட்டாங்க” என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “புதங்கெழம மணல் பாட்ட கடைசியா வெச்சுக்குவோம்டா. நம்ம ஊரு ஜனங்க நின்னு கேட்டாங்கன்னா நான் இங்கயே இருந்துடறேன். பாதியில பஜ்ஜி வாங்கப் போயிட்டாங்கன்னா, வியாழக்கெழம அவருக்குச் சரின்னு சொல்லிடறேன்.”

நல்ல நாளாகப் பார்த்து இன்னொரு பாட்டை வைத்து முடிவு செய்யலாமே என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இது ஒன்றுதான் முழுசாகத் தன்னுடையது என்றாள். உடனே திருத்திக்கொண்டு, நம்முடையது என்றாள். ஆட்டோக்காரர் எதையோ முனக ஆரம்பித்தார். நல்லவேளை, அது பக்திப்பாட்டு.

மத்தியானம் மாடியில் நாலு பேரும் சேர்ந்தோம். ராஜவேல் வெள்ளை ஜிப்பாவில் வந்திருந்தான், ஆனால் புதுக் கம்பி மாட்டியிருந்தான். முதல் பாட்டு கொஞ்சம் தடுமாறியது, இரண்டாவதில் சேர்ந்துகொண்டோம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கை தன்னால் போய்க்கொண்டிருந்தது. இந்தக் குழு முடிந்துவிட்டது என்று எந்த வாயால் சொன்னேன் என்று இருந்தது. கடைசியாக மணல் பாட்டு. அவள் பல்லவியைத் தொடங்கியதும், கீழே டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் படியேறி வந்து ஜன்னலில் முகத்தை வைத்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கிள்ளினாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு தாளத்துக்குத் தலையாட்டினார்கள். அப்புறம் மெதுவாகக் கூடவே முனகினார்கள். வெற்றியின் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது. சுடர்விழிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் என் தோளில் அடித்து, “பாத்தியா, ஒரு தடவ கேட்டதுக்கே புடிச்சுக்கிச்சு” என்றாள்.

வெற்றி என்னைப் பார்த்தான். ராஜவேல் கம்பியைப் பார்த்தான். நான் வாயைத் திறந்து, கடைசிப் பாட்டு இவ்வளவு நிதானமாக இருந்தால் கூட்டம் கலைந்துவிடும், வேறொன்றை வைப்போம் என்றேன். அப்போதுகூட உண்மை வரவில்லை, திட்டம்தான் வந்தது. அவள் பையிலிருந்து பாட்டு வரிசை எழுதிய தாளை எடுத்து, மணல் பாட்டின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

திங்கட்கிழமை போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்றைக்குச் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று முடிவெடுத்து அவளைக் கடற்கரைக்கு வரச் சொன்னேன். கல் மேல் உட்கார்ந்தோம். அலை அடித்துத் தண்ணீர் கல் இடுக்குகளில் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பாட்டில் இருக்கிற மாதிரியே செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஏப்ரல் மாதம் ஒரு காரியம் நடந்துவிட்டது சுடர் என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். தெரியும் என்றாள்.

“வெற்றி சொல்லிட்டான். நான் போன அப்புறம் நீங்க ப்ராக்டிஸையே வுட்டுட்டீங்க, குழு கலஞ்சிடுச்சுன்னு நீ முடிவே பண்ணிட்ட. அதானே? வுடு. நானுந்தான் அப்புடி நெனச்சேன்.”

நான் தலையாட்டினேன். அதுதான் என்றேன். பரவாயில்லை என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். செய்யாத பெரிய குற்றத்துக்குத் தண்டனை வாங்குகிறவர்கள் உண்டு. நான் சின்னக் குற்றத்துக்குக் கிடைத்த மன்னிப்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் இருபத்தொன்று பிரெஞ்சுக்காரர்களின் இசை நாள். அவர்கள் ஊரை விட்டுப் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாங்கள்தான் இன்னும் விடவில்லை. கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு அங்கங்கே சின்ன மேடைகள் போட்டிருந்தார்கள். எங்களுக்குப் பழைய கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலுக்கு முதுகு காட்டின மாதிரி ஒரு மேடை. ஐந்தரை மணிக்கு ஏறினோம். வெள்ளைக்காரர்களும் வெளியூர்க்காரர்களும்தான் நிற்பார்கள், அவர்களுக்கு எங்கள் ஊர்த் தேர்தல் என்ன தெரியும் என்று நான் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். முதல் பாட்டுக்கு அப்படித்தான் இருந்தது. மூன்றாவது பாட்டில் சாரத்திலிருந்தும் முதலியார்பேட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க வந்தவர்கள் சேர ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பஜ்ஜிக்காரர் வண்டியை மேடைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டார். கூட்டம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டது என்றும் சொல்ல முடியாது. நாலாவது பாட்டு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். சுடர்விழி மைக்கில், அடுத்தது இந்தக் கடற்கரையைப் பற்றிய பாட்டு என்றாள். தண்ணீர் குடித்தாள். என் பக்கம் திரும்பித் தலையசைத்தாள்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். நான்காவது தட்டிலேயே முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

‘மணலே இல்லாக் கடற்கரையில்’ என்று சுடர்விழி முதல் வரியை முடிப்பதற்குள் கூட்டம் அசைந்தது. பின்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். பஜ்ஜிக்காரர் கரண்டியை ஓரமாக வைத்தார். பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கைதட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரியில் நூறு இருநூறு வாய் சேர்ந்துகொண்டது. மெட்டு மட்டும்தான் மேடைக்குக் கேட்டது, வார்த்தை காற்றில் கலைந்துவிட்டது. சுடர்விழி பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் என்ன செய்வது? பரிதி, இவங்களுக்குத் தெரிஞ்சிருக்குடா, நம்ம பாட்டு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு என்று அந்த முகம் சொன்னது. நாலு வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பார்வையைக் கீபோர்டுக்கு இறக்கிக்கொண்டேன்.

அவள் பூரிப்பில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். கடைசி இரண்டு வரியையும் அவர்களே பாடட்டும் என்று. மைக் அவர்கள் பாடியதை வாங்கி ஸ்பீக்கரில் பெரிதாகக் கொடுத்தது.

“அண்ணன் தெய்வ சிகாமணிக்கு இஸ்திரிப் பெட்டி அமுத்துங்க!”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கூட்டம் தானாகவே பல்லவியைத் திரும்ப எடுத்து, மடிப்பே இல்லா மனசுக்காரர் என்று ஆரம்பத்திலிருந்து பாடியது. நாலைந்து பேர் ஆட ஆரம்பித்தார்கள். ஒருத்தர் தோளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு குதித்தார். சுடர்விழி முதலில் வெற்றியைப் பார்த்தாள். அவன் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். ராஜவேலைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான். பிறகு என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம். முதலியார்பேட்டை அறை, ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை கல் மேல் நான் ஆரம்பித்து விட்டுவிட்ட வாக்கியம், எல்லாம் அவள் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது எனக்குத் தெரிந்தது. நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வதென்று தெரியாமல்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்தாள், சரணத்தைப் பாடினாள். கூட்டத்துக்குத் தெரியாத சரணம், நான் எடுக்காமல் விட்டது.

போன மண்ணு எந்த ஊரில்
போயிச் சேர்ந்து நிக்குதோ
அங்க பதியும் காலுக்கெல்லாம்
அதுதான் ஊரா ஆகுமோ

குரல் முதல் வரியில் நடுங்கியது, இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. கூட்டம் கொஞ்சம் குழம்பி, கூடப் பாட வழியில்லாமல் அடங்கியது. ஆடியவர்கள் நின்றார்கள். இது என்ன, இப்படி ஒன்று இதில் இருந்ததா என்பது மாதிரி எல்லோரும் மேடையையே பார்த்தார்கள். தோளில் இருந்த குழந்தை விரலை வாயில் வைத்துக்கொண்டது. ஒருத்தர்கூடப் பஜ்ஜி வாங்கப் போகவில்லை. அவள் கேட்டது இதைத்தான். நின்று கேட்டார்கள், இத்தனை பேரும் நின்று கேட்டார்கள்.

சரணம் முடிந்தால் மறுபடி பல்லவி. அதற்கு முன்னால் என் கீபோர்டு தனியாக எட்டுத் தட்டு வாசிக்க வேண்டும். வாசித்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைத் திறந்து தயாராவதைப் பார்த்தேன், எந்த வார்த்தைக்குத் தயாராகிறார்கள் என்பதும் தெரிந்தது. ஐந்தாவது தட்டில் சுடர்விழி மேடையின் முன்பக்கத்தை விட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். மைக் வயர் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. கோபமாக இல்லை. பேருந்து நிலையத்தில் பார்த்த அதே களைப்பான முகம்தான்.

“நீயே பாடு” என்றாள், மைக்குக்குக் கேட்காத குரலில்.

மைக்கை என் வாய்க்கு முன்னால் பிடித்தாள். எட்டுத் தட்டும் முடிந்தது. வெற்றி வாசிக்கவில்லை, ராஜவேல் வாசிக்கவில்லை, என் விரல் கடைசிக் கார்டின் மேலேயே இருந்தது. கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. இரண்டு பாட்டின் வார்த்தையும் எனக்குத் தெரியும், இரண்டும் நாக்கு நுனியில் வந்து நின்றன. கார்டின் ஒலி தேய்ந்து நின்றுபோனது. கடலிலிருந்து வந்த காற்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து மைக்கில் மோதியது. அவள் கை அசையவில்லை. நாலு ஸ்பீக்கரிலும் சாலை முழுக்க அந்தக் காற்று மட்டும் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.